இருநூறு பேருக்குப் பொறுப்பானவன்

எட்மண்டனிலிருந்து ஈஸ்ட் ஹாம் வரைக்கும் தமிழ்ச் சனத்தின் குளியலறைகளில் பாதி நித்தியானந்தன் செய்தவை. பழைய தொட்டியைப் பெயர்த்து, குழாய் மாற்றி, டைல் ஒட்டி, ஷவர் பூட்டிக் கொடுக்க எட்டு நாள் எடுப்பார். அந்த வீடுகளில் குளியலறை மேல்மாடியில் இருக்கும். மேலே ஏறுகிற படிக்கட்டுச் சுவரில் பிள்ளையின் பட்டமளிப்புப் படம் தொங்கும். டைல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுகிற நித்தியானந்தன், மூச்சு வாங்குகிற சாட்டில் நாலாம் படியில் நின்று அந்தப் படத்தைப் பார்ப்பார்.

"எந்த யூனி?" என்று கேட்பார்.

வீட்டுக்காரர் பெயரைச் சொல்வார்.

"இப்ப என்ன செய்யிறார்?"

அதற்கும் ஒரு பதில் வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நித்தியானந்தன் வானுக்குள் இருந்துகொண்டு அதைத் தன் போனில் பதிவார். இப்படிச் சேர்ந்ததுதான், தமிழ்ப் பாடசாலைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குறூப்பில் சுற்றிய 'நித்தியின்ரை லிஸ்ற்'. ஏழு வருடத்தில் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் அதில் ஏறிவிட்டார்கள்.

அவர் இந்த விஷயத்தில் இவ்வளவு தீவிரமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்தவர். அங்கே நாலாம் வகுப்பு முடியும்போதே வாத்தியார் பிள்ளையைப் பார்த்து, இவன் பல்கலைக்கழகம் போவான், இவன் போகமாட்டான் என்று பிரித்துவிடுவார். மகன் லக்‌ஷனுக்கு ஆறு வயதாகும்போது, அந்த வாத்தியாரின் கையில் அவன் அகப்படக்கூடாது என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிற்சாக் கடை வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தார். இங்கே வந்தபின்தான் தெரிந்தது, இந்த நாட்டில் பிள்ளைகளை அல்ல, பல்கலைக்கழகங்களைத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று. எல்லாம் பொதுப் பல்கலைக்கழகங்கள்தான். எல்லாவற்றிலும் ஒரே பெயரில்தான் பட்டம் கொடுக்கிறார்கள். ஆனால் ஒன்றின் பெயரைச் சொன்னால் சனம் வாயைப் பிளக்கும், இன்னொன்றின் பெயரைச் சொன்னால் "அதுவும் பரவாயில்லை" என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விடும்.

தரவரிசை போடுகிறவர்களோ பலர். ஒரு பத்திரிகையில் பதினெட்டாவதாக நிற்பது இன்னொன்றில் நாற்பத்தேழாவதாக நிற்கும். பஸ்ஸின் பின்பக்க விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாமே முதலாவது: ஒன்று நூலகத்தில், ஒன்று மாணவர் திருப்தியில், இன்னொன்று 'மிக வேகமாக முன்னேறும் பல்கலைக்கழகம்' என்பதில்.

"வேகமாய் முன்னேறுதெண்டால் முந்தி எங்க கிடந்தது?" என்று அவருடைய மனைவி ஜெயகௌரி கேட்டாள். அவள் ஒரு பாடசாலைச் சமையற்கூடத்தில் வேலை செய்தாள். முன்னேறுகிறோம் என்று சொன்ன எல்லாரையும் அவள் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நித்தியானந்தன் தானே ஒரு கணக்கு வைத்தார். பெயருக்கு அறுபது புள்ளி. படித்து முடித்தபின் கிடைக்கிற வேலைக்கு முப்பது. மிச்சப் பத்தும் கட்டடத்துக்கு. கல்லுக் கட்டடம் என்றால் பத்து, செங்கல் என்றால் ஆறு, கண்ணாடியும் தகடும் என்றால் இரண்டு.

அந்தக் கணக்கின்படி முதலிடத்தில் நின்றது அல்டன்பெரிப் பல்கலைக்கழகம். நானூறு வருடக் கல்லு. லக்‌ஷன் படித்ததும் அங்கேதான். கணிதம் கேட்டான், கிடைக்கவில்லை. மெய்யியலுக்கு இடம் தந்தார்கள். மெய்யியல் என்றால் என்னவென்று ஜெயகௌரி கேட்டபோது நித்தியானந்தன் சொன்னார்:

"என்ன பாடம் எண்டது உள்ளுக்கை இருந்து படிக்கிறவைக்குத்தான், ஜெயா. வெளியிலை அல்டன்பெரி எண்டுதானே சொல்லப்போறம்."

மூன்று வருடம் போனது. லக்‌ஷன் பட்டம் வாங்கினான், கறுப்பு அங்கியோடு படம் எடுத்தான், வீட்டுக்கு வந்து தன் அறைக்குள் இருந்து எட்டு மாதம் விண்ணப்பங்கள் அனுப்பினான். பிறகு ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, குரோய்டனில் டிராம் ஓட்டுகிற வேலைக்கு எடுத்துவிட்டார்கள், அடுத்த வாரம் பயிற்சி, அங்கேயே அறை பார்த்துவிட்டேன் என்றான். அவன் முகத்தில் ஒரு துளி கவலை இல்லை. நித்தியானந்தன் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போனை எடுத்து, தன் லிஸ்ற்றில் மகனின் பெயருக்கு நேரே 'போக்குவரத்துத் துறை, முகாமைத்துவம்' என்று பதிந்தார். பதிந்தபின் மனம் கொஞ்சம் ஆறியது.

அந்த வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நித்தியானந்தன் சோற்றில் கை வைத்தபடி எடுத்தார். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். பட்டம் பெற்றுப் பதினைந்து மாதத்தில் பட்டதாரிகள் என்ன செய்கிறார்கள் என்று நாடு முழுக்க விசாரிக்கிறார்களாம், லக்‌ஷனோடு பேச முடியுமா என்றாள்.

"மகன் வேலையில்" என்றார். "நான் தகப்பன்."

"அப்படியென்றால் சில கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லலாம். அவருடைய பதவியின் பெயர் என்ன?"

நித்தியானந்தன் குசினிப் பக்கம் பார்த்தார். ஜெயகௌரி முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒப்பரேஷன்ஸ் மனேஜர்" என்றார்.

"எந்தத் துறை?"

"போக்குவரத்து."

"எத்தனை பேருக்குப் பொறுப்பாக இருக்கிறார் என்று சொல்ல முடியுமா?"

காலை எட்டு மணி டிராமை நித்தியானந்தன் மனதில் நினைத்துப் பார்த்தார். இருந்து வருகிறவர்கள் எழுபது, நின்று வருகிறவர்கள் அதைவிடக் கூட.

"இருநூறு பேர்."

"இருநூறா?"

"காலமையிலை. மழை நாளெண்டால் கூடவும் வரும்."

அந்தப் பெண் விசைப்பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வேலை அவருக்கு மனதுக்கு நிறைவாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் அதை அவரிடம்தான் கேட்கலாம் என்று சொல்லி, நன்றி கூறி வைத்துவிட்டாள்.

"என்னத்துக்கு உந்தப் பொய்?" என்றாள் ஜெயகௌரி, திரும்பாமலே.

"பொய் எங்க சொன்னனான்? இருநூறு பேர் ஏறுறது மெய்தானே." அன்றிரவு லிஸ்ற்றில் மகனின் வரியோடு 'இருநூறு பேருக்குப் பொறுப்பு' என்றும் சேர்த்தார்.

ஒன்றரை வருடம் கழிந்தது. மகள் சுவர்ணா பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி, பல்கலைக்கழகத்துக்குப் போகிற வயதுக்கு வந்தாள். ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்து ஐந்திலும் இடம் கிடைத்தது. அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய லீ மாஷ் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபி. போன கோடையில் ஒரு வைத்தியசாலையின் எக்ஸ்ரே பகுதியில் ஒரு கிழமை நின்று பார்த்தவள், அன்றிலிருந்து வேறு பேச்சில்லை.

நித்தியானந்தனின் கணக்கில் லீ மாஷ் அறுபத்திரண்டாவது. கண்ணாடியும் தகடும்.

"அது முந்தி பொலிடெக்னிக், சுவர்ணா."

"முந்தி நீங்களும் பிற்சா போட்டனீங்கள்தானே அப்பா."

"அல்டன்பெரியிலையும் உனக்கு இடம் கிடைச்சிருக்கு. 'மருத்துவ வரலாறு'. அதிலையும் மருத்துவம் இருக்கு."

"அதிலை செத்துப்போன டொக்டர்மாரைப் பற்றித்தான் படிக்கலாம். லீ மாஷிலை முடிச்சவைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வேலை."

"வேலைக்கு முப்பதுதான். பேருக்கு அறுபது."

இந்த வாக்குவாதம் மார்கழியில் தொடங்கி வைகாசி வரை சாப்பாட்டு மேசையில் நடந்தது. வைகாசி நடுவில் நித்தியானந்தனுக்கு ஒரு பெரிய ஆயுதம் கிடைத்தது. ஒரு பத்திரிகை புதிய தரவரிசையை வெளியிட்டது. பாடவாரியாகப் போட்டிருந்ததில், மெய்யியலில் அல்டன்பெரி நாற்பத்தோராம் இடத்திலிருந்து பத்தொன்பதாம் இடத்துக்கு ஏறியிருந்தது. காரணம், 'பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு'. நித்தியானந்தன் அதைப் பெற்றோர் குறூப்பில் போட்டார், கலரில் பிரதி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டிவைத்தார்.

"பார். பேர் இருந்தால் வேலையும் தன்ரை பாட்டிலை வரும்."

சுவர்ணா அதைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்து, அதே மேசையில் இருந்து, பல்கலைக்கழகம் வெளியிட்ட விபரங்களை அடிக்குறிப்பு வரைக்கும் வாசித்தாள். அரை மணித்தியாலத்தில் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, இந்தப் பாடத்திலை பதில் சொன்னவை மொத்தம் பன்னிரண்டு பேர்தான். பத்துப் பேருக்கு உயர்திறன் வேலை. எண்பத்து மூண்டு வீதம். இது அண்ணாவின்ரை பட்ச். அண்ணா டிராம் ஓட்டுறவர். அதை அவை உயர்திறன் எண்டு எடுக்கிறேல்லை. அண்ணாவைக் கேட்டன், தனக்குக் கோலே வரேல்லை எண்டுறார்."

நித்தியானந்தன் எழுந்து போய், பெட்டியில் ஒட்டிய பிரதியின் மூலையை அழுத்திவிட்டார்.

"கோல் வந்தது" என்றாள் ஜெயகௌரி குசினிக்குள் இருந்து. "கொப்பர்தான் எடுத்தவர்."

சுவர்ணா தகப்பனைப் பார்த்தாள். கணக்கு அவளுக்கு வாயிலேயே வந்தது. "அண்ணாவை எடுத்துப்போட்டால் பன்னிரண்டிலை ஒன்பது. எழுபத்தைஞ்சு. அது போன வருஷ நம்பர். அப்பா, நீங்கள் ஒரு ஆள் நிண்டு அல்டன்பெரியை இருபத்திரண்டு இடம் தூக்கியிருக்கிறீங்கள்."

நித்தியானந்தனுக்கு முதலில் வெட்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நெஞ்சுக்குள் ஒரு பெருமைதான் வந்தது. நானூறு வருடக் கல்லுக் கட்டடத்தைச் சோற்றுக் கையோடு ஒரு டெலிபோனில் தூக்கி நிறுத்தியிருக்கிறேனே என்ற பெருமை. அதற்குப் பின்னால் மெதுவாகக் கோபம் வந்தது.

"இருநூறு பேரை ஏத்திக்கொண்டு நடுறோட்டாலை போறது திறன் இல்லையாமோ?"

"அதை நீங்கள் அந்தப் பெம்பிளைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள் சுவர்ணா.

அந்தச் சனிக்கிழமை எட்மண்டன் தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் கூட்டம், தேவாலய மண்டபத்தில். நித்தியானந்தன்தான் பேச்சாளர். தலைப்பு இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட்டார்: 'எந்தப் பல்கலைக்கழகம்?' மண்டபத்தின் திறப்புக்கொத்தை வைத்திருக்கிற செபஸ்தியாம்பிள்ளை கதிரைகளை அடுக்கி, திரையையும் இறக்கி வைத்திருந்தார். மன்னார்க்காரர், பங்குச் சபையில் செயலாளர், மெதுவாகப் பேசுகிற மனிதர். அவருடைய மகள் டிலக்சனா லீ மாஷில் படித்து இப்போது அம்புலன்ஸில் வேலை செய்தாள்.

எண்பது பெற்றோர் வந்திருந்தார்கள். நித்தியானந்தன் லிஸ்ற்றைத் திரையில் போட்டார். நல்ல பல்கலைக்கழகங்களுக்குப் பச்சை, நடுவில் உள்ளவற்றுக்கு மஞ்சள், மிச்சத்துக்குச் சிவப்பு.

"நித்தி" என்று செபஸ்தியாம்பிள்ளை முன்வரிசையில் இருந்து கையை உயர்த்தினார். "என்ரை பிள்ளை ஏன் சிவப்பாய் இருக்கிறா?"

"அது யூனிக்கு அடிச்ச கலர். பிள்ளைக்கு இல்லை."

"பிள்ளையின்ரை பேருக்கு மேலையெல்லோ அடிச்சிருக்கிறீர்."

சனம் சிரித்தது. நித்தியானந்தன் வேகமாக அடுத்த பக்கத்துக்குப் போனார். புதிய தரவரிசை. அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தார். ஆனால் அவர் வாயைத் திறக்குமுன் ஒரு பெண் எழுந்தாள். ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடை வைத்திருக்கிற பிரியம்வதா. அவளுடைய குளியலறையும் நித்தியானந்தன் செய்ததுதான்.

"நித்தி அண்ணைக்கு எல்லாரும் ஒருக்கால் கை தட்டவேணும்" என்றாள். "என்ரை மகன் டெனுசனுக்கு லீ மாஷிலை சிவில் இஞ்சினியரிங் கிடைச்சது. அதுக்குத்தான் போகச் சொல்லி நிண்டனான். அண்ணை குறூப்பிலை போட்ட அல்டன்பெரி ரேங்கைப் பார்த்தபிறகு மனசை மாத்திப்போட்டன். மெய்யியல் படிச்சு அண்ணையின்ரை மகன் இண்டைக்கு இருநூறு பேருக்கு மனேஜர். புதன்கிழமை கடைசி நாள். அல்டன்பெரிக்கு ஓம் எண்டு அனுப்பப்போறம்."

மண்டபம் கை தட்டியது. பின்வரிசையில் நின்ற ஒரு மெலிந்த பையன், டெனுசனாகத்தான் இருக்க வேண்டும், தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். நித்தியானந்தனின் காது சூடாகியது. மிச்சப் பேச்சில் என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. யாரோ கேட்ட கேள்விக்கு டைல் பசையைப் பற்றிப் பதில் சொன்னதாகச் செபஸ்தியாம்பிள்ளை பிறகு சொன்னார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நின்றபோது, கார் நிறுத்துமிடத்தில் பிரியம்வதாவை மறித்தார்.

"தங்கச்சி, ஒரு விஷயம். அந்த ரேங்க் பிழை. லக்‌ஷன் மனேஜர் இல்லை. குரோய்டனிலை டிராம் ஓட்டுறான். சேர்வேக்காரர் எடுக்கேக்கை நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன். என்னாலைதான் அந்த நம்பர் ஏறினது."

பிரியம்வதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டு வந்ததைப் பார்த்து, கோபப்படப் போகிறாள் என்று நினைத்தார். கோபம்தான், ஆனால் வேறு கோபம்.

"உங்கட பிள்ளை படிச்ச இடத்திலை என்ரை பிள்ளை படிக்கக்கூடாது. அதுதானே, அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி..."

"கை தட்டும் மட்டும் பேசாமல் நிண்டனீங்கள். இப்ப ஒருத்தரும் இல்லாத இடத்திலை வந்து டிராம் எண்டுறியள். அல்டன்பெரியிலை படிச்ச பிள்ளை டிராம் ஓட்டுமோ? சொல்லுற பொய்யையும் எப்பன் பொருந்தச் சொல்லுங்கோ."

"மெய்யாத்தான் சொல்லுறன்!"

"ஏழு வருஷமாய் லிஸ்ற்றிலை ஒருத்தற்றையும் நீங்கள் குறைச்சு எழுதினதில்லை. இண்டைக்குத்தான் குறைக்கிறியள். அதுவும் சொந்தப் பிள்ளையை. என்ன மனுசன் நீங்கள்!"

காருக்குள் இருந்த டெனுசனும் கண்ணாடியை இறக்கி, "அங்கிள் சும்மா பகிடி விடுறார் அம்மா, வாங்கோ" என்றான். அவன் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. பிழைத்துப் போகட்டும், விடுங்கள் என்பது போல. அது ஏனென்று நித்தியானந்தனுக்கு அப்போது விளங்கவில்லை.

வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லி, அதை நம்பவைக்கச் சாட்சி தேட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். "நாளைக்கு ஞாயிறுதானே. வாங்கோ குரோய்டனுக்கு. கண்ணாலை பாருங்கோ" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு ஈஸ்ட் குரோய்டன் நிலையத்துக்கு வெளியே அவர்கள் நின்றார்கள்: நித்தியானந்தன், பிரியம்வதா, டெனுசன். லக்‌ஷனுக்குச் சொல்லியிருந்தார். ஆனால் மகன் ஓட்டுகிற டிராமில் அவர் இதுவரை ஏறியதில்லை. எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் இரண்டு தடவை தண்டவாளத்தைக் கடந்தார்கள்.

பச்சை டிராம் வளைவில் திரும்பி வந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் லக்‌ஷன், சீருடையில், இரண்டு பக்கமும் பார்த்தபடி. தகப்பனைக் கண்டதும் சின்னதாகத் தலையை ஆட்டினான், பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"பாத்தியளோ?" என்றார் நித்தியானந்தன். ஏதோ வழக்கில் வென்றது போல அவர் குரல் உயர்ந்தது.

பிரியம்வதா நிதானமாகச் சொன்னாள்: "மனேஜர்மாரும் இடைக்கிடை ஓடிப் பார்க்கவேணும் எண்டு வைச்சிருப்பினம். எங்கட பாங்க் மனேஜரும் ஒருநாள் கவுண்டரிலை நிண்டவர்."

ஏறி இருந்தார்கள். டிராம் நகரத்தைத் தாண்டி, மரங்களுக்கு இடையால், மேட்டில் ஏறி, கடைசித் தரிப்பிடமான நியூ அடிங்டனில் வந்து நின்றது. சனம் இறங்கியது. லக்‌ஷன் தன் அறைக் கதவைத் திறந்து, பையைத் தூக்கிக்கொண்டு, மற்றப் பக்கத்து ஓட்டுநர் அறைக்குப் போக டிராமின் நடுவால் நடந்து வந்தான். வழியில் ஒரு கிழவி தன் தள்ளுவண்டியை இறக்கப் பாடுபட்டாள். அதை இறக்கிக் கொடுத்துவிட்டு இவர்களிடம் வந்தான்.

"அன்ரி, நான் மனேஜர் இல்லை" என்றான். "ரெண்டு வருஷத்துக்கு மேலை இதுதான் செய்யிறன். நாலு நிமிஷம் இருக்கு. ஏதும் கேக்கவேணுமோ?"

பிரியம்வதா அவனுடைய சட்டைப் பையில் குத்தியிருந்த பெயர்த்தகட்டை வாசித்தாள். பிறகு அவள் நம்பினாள். நம்பியது முகத்தில் தெரிந்தது. உடனே மகன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப சிவில்தான். புதன்கிழமை லீ மாஷுக்கு அனுப்பு."

டெனுசனின் முகம் விழுந்துபோனது. அப்போதுதான் நித்தியானந்தனுக்கு நேற்றைய பார்வை விளங்கியது. அல்டன்பெரிக்கு விண்ணப்பித்தது தாய் சொல்லி அல்ல, பையன் தானாகச் செய்தது. பொய்யான அந்தப் பத்தொன்பதாம் இடம்தான் அவனுக்குக் கிடைத்த ஒரேயொரு வழி. நித்தியானந்தன் நேர்மையாக நடந்து அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

டெனுசன் லக்‌ஷனைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டான்: "அண்ணா, அங்கே உண்மையில் என்னதான் படித்தீர்கள்?"

லக்‌ஷன் பையைக் கீழே வைத்தான். செத்துப்போன ஒருவருக்குக் கொடுத்த வாக்கு நம்மைக் கட்டுப்படுத்துமா என்று ஒரு முழுத் தவணை பேசினோம் என்றான். கட்டுப்படுத்தாது என்றால் ஏன் நமக்குக் குற்றமாக இருக்கிறது? கட்டுப்படுத்தும் என்றால் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்? டெனுசன் இடைமறித்தான். லக்‌ஷன் சிரித்து, அதைத்தான் நானும் எழுதினேன், என் ஆசிரியர் கிழித்துப்போட்டார் என்றான். இரண்டு பேரும் கைகளை ஆட்டிக்கொண்டு பேசினார்கள். நித்தியானந்தன் தன் மகன் அப்படிப் பேசிப் பார்த்ததில்லை. மூன்று வருடம் அவர் அவனிடம் கேட்டதெல்லாம், கட்டடம் எப்படி, கூடப் படிக்கிறவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதுதான்.

"இதைப் படிச்சு என்ன செய்யிறது, தம்பி?" என்றாள் பிரியம்வதா.

"எனக்குத் தெரியாது அன்ரி. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. என்னோடை படிச்ச ஒருத்தி சட்டம் படிக்கிறா, ஒருத்தன் பேக்கரியிலை நிக்கிறான். பிடிக்காதவைக்கு அந்த மூண்டு வருஷமும் நரகம். பிடிச்சவைக்குக் காணாது." மணியைப் பார்த்தான். "நான் வெளிக்கிடவேணும்."

அதே டிராமில் திரும்பி வந்தார்கள். ஈஸ்ட் குரோய்டனில் இறங்கும்போது பிரியம்வதா நித்தியானந்தனிடம், "நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம், அண்ணை" என்றாள். அதில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வரை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நித்தியானந்தனுக்குத் தெரியாது. புதன்கிழமை டெனுசன் அல்டன்பெரிக்குத்தான் ஓம் என்று அனுப்பினான். ஆனால் 'மெய்யியலும் பொருளியலும்' என்ற பாடத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டு, அவர்களும் சம்மதித்திருந்தார்கள். சேலைக்கடைக்கு வருகிறவர்களிடம் பிரியம்வதா பொருளியலை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதாக ஜெயகௌரி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அதே புதன்கிழமை சுவர்ணாவும் லீ மாஷுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுத்தான் தகப்பனுக்குச் சொன்னாள். அவர், "பஸ்ஸிலை எந்தச் சந்தியிலை இறங்கவேணும்?" என்று கேட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும்படி ஜெயகௌரி கண்ணால் காட்டினாள்.

பெற்றோர் குறூப்பில் நித்தியானந்தன் ஒரு திருத்தம் போட்டார். லக்‌ஷன் நித்தியானந்தன், டிராம் ஓட்டுநர், குரோய்டன். முன்பு எழுதியது பிழை, பிழை என்னுடையது. நாற்பத்தாறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, ஏனென்றால் அவர்களில் ஐந்து பேர் "வாழ்த்துக்கள்" என்றும் போட்டிருந்தார்கள். ஆனால் அடுத்த இரண்டு கிழமையில் தனித்தனியாக அழைப்புகள் வரத் தொடங்கின. எல்லாம் தகப்பன்மார், எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். "நித்தி, சும்மா இருக்கேக்கை என்ரை மகளின்ரை வரியையும் ஒருக்கால் மாத்திவிடும்." 'நிதி ஆலோசகர்' என்றிருந்தவர் வங்கி வாசலில் கியூவை ஒழுங்குபடுத்துகிறவர் ஆனார். 'சட்டத் துறை' என்றிருந்த பிள்ளை சட்டக் கந்தோரில் தபால் பிரித்தாள். 'ஆராய்ச்சி' என்று இருந்த மூன்று பேரும் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை மட்டும் தன் மகளின் வரியில் மாற்ற ஒன்றுமில்லை, கலரை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டார். நித்தியானந்தன் எடுத்துவிட்டார். மற்றவற்றையும் எடுத்தபோது, நூற்றுப் பதினெட்டு வரியும் வெள்ளையாக நின்றன. எது மேலே, எது கீழே என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசியில் அவருக்குக் குரோய்டனில் ஒரு வேலை வந்தது, ஒரு கவுன்சில் வீட்டுக் குளியலறை. வானைத் திருத்தக் கொடுத்திருந்ததால் டைல் வெட்டுகிற கருவியை ஒரு பையில் போட்டுக்கொண்டு டிராமில் போனார். மூன்றாம் நாள் மத்தியானம் மகனின் டிராமாக வந்தது. கடைசித் தரிப்பிடம் வரை போய் அங்கே இறங்கி நின்றார். லக்‌ஷனும் இறங்கி வந்து, பாணுக்குள் மீன் வைத்துக் கட்டிய பொதியைப் பிரித்துப் பாதியை நீட்டினான். தண்டவாளம் முழுக்க ஈர இலை அப்பிக் கிடந்தது.

"உந்த மேட்டிலை வழுக்காதோ?" என்று கேட்டார் நித்தியானந்தன்.

"வழுக்கும். ஒக்டோபரிலை மோசம். இலை நசிஞ்சு சவர்க்காரம் மாதிரி வரும்."

"அப்ப பிரேக் பிடிக்கேக்கை?"

"மண் இருக்கு." லக்‌ஷன் குனிந்து சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குழாயைக் காட்டினான். "இதாலை காய்ஞ்ச மண் தண்டவாளத்திலை விழும். சக்கரம் அதிலை பிடிக்கும்."

நித்தியானந்தன் பாணை வாயில் வைத்துக்கொண்டு, பையை நிலத்தில் வைத்து, முழங்காலில் இருந்து அந்தக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். குளியலறைத் தரை வழுக்காமல் இருக்க அவரும் மண் கலந்த பூச்சுத்தான் போடுகிறவர்.

"என்ன மண் பாவிக்கிறியள்? ஆத்து மண்ணோ?"

"தெரியாது அப்பா. நாளைக்கு டிப்போவிலை கேட்டுச் சொல்லுறன்."

"கேள். ஈரம் பட்டால் கட்டியாகும், குழாய் அடைக்கும். அதுக்கு என்ன செய்யினம் எண்டும் கேள்."

மணி அடித்தது. லக்‌ஷன் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். நித்தியானந்தனும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஓட்டுநர் அறைக்குப் பக்கத்தில் இருந்த முதல் இருக்கையில், தண்டவாளம் தெரிகிற மாதிரி, சாய்ந்து இருந்தார்.